வழித்தடத்தை எழுதும்போது தரையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வார இணைப்பில் வந்துகொண்டிருக்கும் மலைக்காட்டுச் சைக்கிள் வழித்தடங்கள் பகுதியை ஒரு வாரம்கூட விடாமல் படித்து வருகிறேன். தார் போடாத பாதைகளில் கிராவல் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றித் தமிழில் இவ்வளவு இடம் ஒதுக்கி எழுதுவதைப் பார்க்க மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது. எனக்கு 61 வயது. 29 ஆண்டுகள் சாலை போடும் வேலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏழு ஆண்டுகளாகக் கிராவல் சைக்கிள் ஓட்டுகிறேன். சாலை போட்டவனாகவும் சைக்கிள் ஓட்டுபவனாகவும் பார்க்கும்போது உங்கள் பகுதியில் ஒரு குறை கண்ணில் படுகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒவ்வொரு வழித்தடத்துக்கும் தூரம் எவ்வளவு, மொத்த ஏற்றம் எவ்வளவு என்று போடுகிறீர்கள். பிறகு எளிது, நடுத்தரம், கடினம் என்று ஒரு சொல். சக்கரத்துக்கு அடியில் என்ன கிடக்கிறது என்பதை எங்கேயும் சொல்வதில்லை. தார்ச்சாலையில் ஓட்டுகிறவருக்குத் தூரமும் ஏற்றமும் போதும். தரை ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். கிராவலில் அப்படி இல்லை. ஐந்தாவது கிலோமீட்டரும் ஆறாவது கிலோமீட்டரும் வேறு வேறு உலகமாக இருக்கும். ஒரே பாதை மழைக்கு முன்பும் பின்பும் இரண்டு பாதை.

நீங்கள் வெளியிட்ட இரண்டாவது வழித்தடத்தை வைத்தே சொல்கிறேன். 52 கிலோமீட்டர், ஏற்றம் 1,150 மீட்டர், நடுத்தரம் என்று போட்டிருந்தீர்கள். நானும் என் அக்கா மகளும் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அவளுக்குக் கிராவல் சைக்கிள் புதிது, ஆனால் தார்ச்சாலையில் என்னைவிட வேகமாக ஓட்டுவாள். பதினோரு மணிக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டோம். திரும்பும்போது மணி மூன்று ஆகிவிட்டது. பன்னிரண்டரைக்கே தண்ணீர் தீர்ந்துபோனது.

தாமதம் இரண்டு இடத்தில். 19-ஆவது கிலோமீட்டரிலிருந்து மலை முகட்டின் மேலேயே எட்டுக் கிலோமீட்டர் போகிறது பாதை. அது மரநிழல் அடர்ந்த இடம். மழை விட்டு மூன்று நாள் ஆகியும் தரை காயவில்லை. இலைமக்கோடு சேர்ந்த களிமண் டயரில் அப்பி, டயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் அடைத்து, சக்கரமே சுற்றாமல் நின்றது. குச்சியால் சுரண்டுவோம், நூறு மீட்டர் போவோம், மறுபடி சுரண்டுவோம். அந்த எட்டுக் கிலோமீட்டருக்கு மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போயிற்று.

இரண்டாவது இடம் கடைசி இறக்கம். 46-ஆவது கிலோமீட்டரில் தொடங்கி ஆறு கிலோமீட்டரில் 480 மீட்டர் இறங்குகிறது. சராசரியாக நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் சரிவு. நல்ல தரையாக இருந்தால் அருமையான இறக்கம். ஆனால் பாதையைப் பழுதுபார்ப்பதற்காகக் கை முஷ்டி பருமனுள்ள கப்பிக்கல்லைக் கொட்டிப் பரப்பி வைத்திருந்தார்கள். ரோலர் ஓடவில்லை, மேலே பொடி போடவில்லை. இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் அவள் முன்சக்கரம் கல்லோடு சேர்ந்தே நகர்ந்து, கீழே விழுந்துவிட்டாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எழுந்து உட்கார்ந்து, "மாமா, இது பாதையா, தண்ணி இல்லாத ஆறா?" என்று கேட்டாள். மீதி ஐந்தரைக் கிலோமீட்டரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கினோம்.

எழுதியவரை நான் குறை சொல்லவில்லை. அவர் காய்ந்த மாதத்தில், கல் கொட்டுவதற்கு முன்னால் போயிருப்பார். அவர் கொடுத்த தூரமும் சரி, ஏற்றமும் சரி, என் கருவியிலும் கிட்டத்தட்ட அதே எண்தான் வந்தது. அந்த எண்கள் சரியாக இருந்தும் எங்களுக்கு உதவவில்லை என்பதுதான் என் கவலை. அவர் எந்த மாதம் போனார், தரை எப்படி இருந்தது என்று நான்கு வரி சேர்ந்திருந்தால் நாங்கள் இரண்டு வாரம் பொறுத்துப் போயிருப்போம்.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பேச்சில் கிராவல் என்றால் மண்ணும் சிறுகல்லும் கலந்து, பள்ளம் தூர்க்கக் கொட்டுகிற சரக்கு. சைக்கிள்காரர்கள் சொல்லும் கிராவல் அதைவிட அகலமானது. ரோலர் ஓட்டி இறுகிய பொடிக்கல் பாதை, மர லாரி போகும் கப்பி ரோடு, நடுவில் புல் வளர்ந்த வண்டித்தடம், காட்டுக்குள் போகும் வெறும் மண்பாதை எல்லாவற்றையும் அந்த ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். இவை ஒவ்வொன்றும் ஓட்டுவதற்கு வேறு.

ஜான் லூடன் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1816-இல் பிரிஸ்டல் பகுதிச் சுங்கச்சாலைகளின் மேற்பார்வைக்கு வந்தார். அவர் போட்ட சாலையின் அடிப்படையைத்தான் நாங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் படித்தோம். உடைத்த கல்லுக்கு முனை உண்டு, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ஆற்றுக் கூழாங்கல் உருண்டை. எவ்வளவு அமுக்கினாலும் பூட்டாது. ஒரு கல் ஆறு அவுன்ஸ், அதாவது 170 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றார் அவர். பெரிய கல்லாக இருந்தால் சக்கரம் அதைப் பெயர்த்துத் தள்ளிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடிமண்ணைக் காய்ந்த நிலையில் வைத்துக்கொண்டால் அது எந்தப் பாரத்தையும் தாங்கும் என்பது அவர் கொள்கை. 200 ஆண்டு கடந்தும் இதில் மாற்ற எதுவும் இல்லை. நாங்கள் தள்ளிக்கொண்டு இறங்கிய அந்த ஆறு கிலோமீட்டரில் கல் பெரிது, பூட்டவில்லை, கீழே மண் ஈரம். மூன்றும் தவறிப்போன இடம் அது.

எந்தக் கல் என்பதும் முக்கியம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா ஊரில் 2006 முதல் நடக்கும் அன்பவுண்ட் கிராவல் பந்தயம் 200 மைல், ஏறக்குறைய 320 கிலோமீட்டர். அது ஓடும் ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுப் பகுதிக்குப் பெயரே அங்குள்ள சிக்கிமுக்கிக் கல்லால் வந்தது. அந்தக் கல்லின் விளிம்பு கத்திபோல டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிடும். அங்கே போகிறவர்கள் முதலில் விசாரிப்பது டயரைப் பற்றித்தான். 2023-இல் அந்தப் பந்தயத்தின் தொடக்கத்திலேயே ஒரு களிமண் பகுதி குறுக்கிட்டது. உலகின் முன்னணி வீரர்களும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். களிமண்ணுக்கு முன்னால் உடல்பலம், பயிற்சி எதுவும் எடுபடாது. 1897-இல் அமெரிக்கப் படையின் 25-ஆம் காலாட்படையைச் சேர்ந்த 20 கறுப்பின வீரர்கள் மொன்டானாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை 1,900 மைல் சைக்கிளில் போனார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது 41 நாள். சேறு மிதமிஞ்சிப் போன இடங்களில் ரயில் தண்டவாளத்துக்கு நடுவே கட்டைகளின் மேல் குலுங்கிக் குலுங்கி ஓட்டியிருக்கிறார்கள். அந்தக் குலுக்கலே மேல் என்று தோன்றியிருக்கிறது என்றால் சேறு எப்படி இருந்திருக்கும்!

இன்னொன்று, நெளி. மர லாரி ஓடும் அகலமான பாதைகளில் குறுக்கே நெளித்தகரம் போல வரி வரியாக மேடு விழுந்திருக்கும். வேலையில் இருந்தபோது லாரிகளின் ஸ்பிரிங்கால்தான் இது வருகிறது என்று நாங்கள் நம்பியிருந்தோம். 2007-இல் இயற்பியலாளர்கள் ஒரு சக்கரத்தை மணற்பரப்பின் மேல் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்து, ஸ்பிரிங் எதுவும் இல்லாமலே ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் நெளி தானாகவே உருவாகிறது என்று காட்டினார்கள். அதனால் வண்டி வேகமாகப் போகும் எந்த உதிரித் தரையிலும் அது வந்தே தீரும். ரோலர் ஓட்டினாலும் சில வாரத்தில் திரும்பி வரும். சைக்கிளில் போகிறவர் செய்யக்கூடியது, பாதையின் வெளி ஓரத்தில் லாரிச் சக்கரம் படாத ஒரு அடி அகலத்தைத் தேடிப் போவது, டயரில் காற்றைக் கொஞ்சம் குறைப்பது. நான் 45 மில்லிமீட்டர் டயரில் காற்றழுத்தம் வழக்கமாக 32 பி.எஸ்.ஐ. வைப்பேன், நெளி அதிகம் என்று முன்கூட்டியே தெரிந்தால் 28. முன்கூட்டித் தெரிய வேண்டும், அதுதான் விஷயம்.

சரி, எப்படி எழுதலாம் என்று கேட்பீர்கள். அதே 52 கிலோமீட்டரை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"முதல் 11 கிலோமீட்டர் உருட்டி இறுகிய பொடிக்கல். 35 மில்லிமீட்டர் டயரே போதும், மழையிலும் ஓட்டலாம். 11 முதல் 19 வரை விடாத ஏற்றம், 460 மீட்டர். கப்பி ரோடு, கல் பூட்டியிருக்கிறது, வளைவுகளில் மட்டும் உதிரி. முன்பல்சக்கரத்தைவிடப் பின்பல்சக்கரம் பெரிதாக இருக்கும் கியர் தேவை. 19 முதல் 27 வரை முகட்டுப் பாதை, மண்ணும் வேரும். மழை பெய்து பத்து நாளைக்குப் போகவே வேண்டாம். 27 முதல் 34 வரை அகலமான இறக்கம், கடுமையான நெளி, லாரி எதிரே வரும். 34-இல் ஓடை, காய்ந்த மாதத்தில் கணுக்கால் அளவு, மழைக்குப் பின் முழங்கால் அளவு. களைத்துவிட்டவர்கள் ஓடைக்கு முன்பே இடப்பக்கம் திரும்பினால் நான்கு கிலோமீட்டரில் தார்ச்சாலை. 34 முதல் 46 வரை மெதுவான ஏற்றம், நடுவில் புல் உள்ள வண்டித்தடம், நிழல் உண்டு, தண்ணீர் கிடையாது. 46 முதல் 52 வரை செங்குத்து இறக்கம், உருட்டாத கப்பி, புதியவர்கள் தள்ளிக்கொண்டு இறங்கவும்."

ஏறக்குறைய நூறு சொல்தான். நீங்கள் போடும் சூரியோதயப் படத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தால் இடம் கிடைத்துவிடும். ஓடைக்கு முன்பே தார்ச்சாலைக்குத் திரும்பும் வழி இருக்கிறது என்பது எங்களுக்கு வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மலைக்காட்டு வழித்தடத்தில் பாதியில் இறங்கிவிடும் வழியைச் சொல்வது, தொடங்கும் இடத்தைச் சொல்வதற்கு நிகரானது. காட்டுக்குள் போன் சிக்னல் இருக்காது. அடர்ந்த மரமும் குறுகிய பள்ளத்தாக்கும் ஜி.பி.எஸ். குறியைச் சில சமயம் பத்து இருபது மீட்டர் தள்ளிக் காட்டும். இரண்டு தடம் பிரியும் இடத்தில் அந்தப் பிழையே போதும், தவறான தடத்தில் இறங்கிவிட. அதனால் பிரிவுகளில் கண்ணால் பார்த்து அறியும் அடையாளத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

தரையை வகைப்படுத்தப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2004-இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் வண்டித்தடங்களை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்று என்றால் கெட்டியான, நன்றாக இறுகிய தரை. ஐந்து என்றால் வெறும் மண்ணும் புல்லும், மெத்தென்றது. யார் வேண்டுமானாலும் பார்த்துத் திருத்தலாம். உங்கள் வழித்தடக் கோட்டை ஐந்து நிறத்தில் அச்சிட்டாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் அந்தத் தரத்தை முழுதாக நம்பிவிடவும் கூடாது. காட்டுப் பாதையை எப்போதோ ஒருமுறை யாரோ குறித்திருப்பார்கள், அதற்குப் பிறகு எத்தனை மழை போயிருக்கும். நேரில் போனவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

பருவத்தைப் பற்றி நான் இன்னும் கண்டிப்பாகவே சொல்வேன். ஈர மண்ணில் ஓட்டக் கூடாது. நமக்குச் சிரமம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நனைந்த மண்ணில் டயர் போட்ட கோடு காய்ந்து ஒரு சிறு வாய்க்காலாக நிற்கும். அடுத்த மழையில் தண்ணீர் பாதைக்குக் குறுக்கே வழிந்து போகாமல் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பாதையோடு சேர்ந்தே ஓடும். சரிவில் ஓடும் தண்ணீர் வேகம் எடுக்கும், மண்ணை அறுக்கும். விரல் ஆழம் இருந்தது ஒரே பருவத்தில் முழங்கால் ஆழம் ஆகிவிடுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மலைப்பாதை போடுகிறவன் மெனக்கெடுவது தண்ணீரைப் பாதையிலிருந்து சீக்கிரம் இறக்கிவிடத்தான். நடுமேடு வைப்பது, வெளிப்பக்கம் லேசாகச் சாய்ப்பது, ஓரக்கால்வாய் வெட்டுவது, சிறுபாலம் வைப்பது, இறக்கத்தில் இடையிடையே சின்ன ஏற்றம் விட்டுத் தண்ணீரை வெளியே தள்ளுவது. இருபது பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்கு மறுநாள் போய்விட்டு வந்தால் அந்த வேலை கெட்டுப்போகும். நீங்கள் ஒரு வழித்தடத்தை வெளியிட்டால் அந்த வாரமே இருபது பேர் போகிறார்கள். ஆகவே "எப்போது போகக் கூடாது" என்ற வரி உங்கள் பகுதியில் கட்டாயம் இருக்க வேண்டும்.

அப்புறம், அந்தப் பாதைகளில் நமக்கு முன்பே நடந்துகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். விறகு சுமந்து வருகிறவர்கள், ஆடு மாடு ஓட்டி வருகிறவர்கள், பள்ளிக்கு நடந்து போகிற பிள்ளைகள். உதிரித் தரையில் சைக்கிள் நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் தாரில் எடுத்துக்கொள்வதைவிட அதிகம். வளைவுக்குள் போய் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, மணி அடித்து, ஆளைப் பார்த்ததும் இறங்கி நின்று வழிவிட வேண்டும். சுமை சுமக்கிறவரை ஓரம் ஒதுங்கச் சொல்வது மகா தவறு. இதையும் வழித்தடக் குறிப்பிலேயே எழுதுங்கள். காட்டுக்குள் ஆள் நடக்கும் ஒற்றையடிப் பாதைகளை உங்கள் வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நான்காவது வழித்தடத்தில் அப்படி ஒரு குறுக்குவழி இருந்தது. சைக்கிளுக்கு வண்டி போகும் பாதையே தாராளம்.

சென்ற வாரம் வாசகர் ஒருவர், இந்தப் பாதைகளுக்கெல்லாம் தார் போட்டுவிட்டால் எல்லோரும் சுகமாக ஓட்டலாம் என்று எழுதியிருந்தார். மலையில் குடியிருப்பவர்களுக்கு ஆம்புலன்ஸ் வரும் சாலை வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அதை முடிவு செய்ய வேண்டியவர்களும் அவர்கள்தான். ஆனால் சைக்கிள்காரர்களுக்காகத் தார் என்பதை ஏற்க முடியவில்லை. நன்றாகப் பராமரித்த கப்பி ரோடு தன்னளவில் முழுமையான சாலை. தார் பெயர்ந்தால் ஒட்டுப் போட யந்திரம் வர வேண்டும். கப்பி ரோட்டைக் கடப்பாரையும் மண்வெட்டியும் உள்ள நான்கு பேர் ஒரு நாளில் சரிசெய்துவிடலாம். இத்தாலியில் டஸ்கனி பகுதியின் வெள்ளைச் சரளைச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தாருக்குள் மறைந்துகொண்டிருந்தபோது, அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று 1997-இல் காயோலே இன் கியாந்தி ஊரில் லெரோயிகா என்ற பழஞ்சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார்கள். பிறகு அந்தச் சாலைகளிலேயே 2007 முதல் ஸ்த்ராதே பியாங்கே என்ற பெரிய பந்தயமும் நடக்கிறது. பெயரின் பொருளே வெள்ளைச் சாலைகள். இன்று லெரோயிகா வழித்தடம் 200 கிலோமீட்டருக்கு மேல் அடையாளப் பலகைகளோடு ஆண்டு முழுவதும் யாரும் ஓட்டும்படி இருக்கிறது. சைக்கிள்காரர்கள் வந்ததால் அங்கே சரளைச் சாலைக்கு மதிப்பு வந்தது. உங்கள் பகுதியும் அந்த வேலையைச் செய்ய முடியும் என்று நான் மனதார நம்புகிறேன்.

இரண்டாவது வழித்தடத்தின் முழுத் தரை விவரத்தையும், கிலோமீட்டர் வாரியாகக் கையால் வரைந்த படத்தையும் இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். 46 முதல் 52 வரையுள்ள இறக்கத்துக்கு மட்டும் தேதி போட்டிருக்கிறேன், ரோலர் ஓட்டிய பிறகு அது மாறிவிடும். அடுத்த மாதம் தரை காய்ந்ததும் நானும் அக்கா மகளும் அதே 52 கிலோமீட்டரை மறுபடி ஓட்டப் போகிறோம். இந்த முறை ஆளுக்கு நான்கு பாட்டில் தண்ணீரோடு. மாறியிருப்பதைத் திருத்தி அனுப்புகிறேன். மற்ற மூன்று வழித்தடங்களையும் அப்படியே பார்த்து எழுதித் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற சாலைப்பணி மேற்பார்வையாளர்